பத்துக்கு ஆறு அளவில் ஒரு சாபம்

திருட்டுக் கொடுத்தவனுக்கு வருகிற திமிர் திருடியவனுக்குக்கூட வராது. திருடியவன் பாவம், எப்போது மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து அடக்க ஒடுக்கமாக இருப்பான். பறிகொடுத்தவன்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊர் ஊராக நியாயம் பேசுவான். நான் பேசியிருக்கிறேன். பேசியதோடு நிற்காமல், முன்பின் தெரியாத ஒரு வீட்டின் துக்கத்தில் பத்தடி அகலத்துக்குச் சாபத்தைக் கட்டித் தொங்கவிட்டவனும் நானேதான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் அலுவலகத்தில் வேலை. சீசனில் லாரி லாரியாகக் கலெக்டர் காய் வந்து இறங்கும். (கலெக்டர் என்றதும் பயப்பட வேண்டாம். கிளிமூக்கு மாங்காய்க்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) சீசன் முடிந்துவிட்டால் ஈ ஓட்டுகிற வேலை. ஈயும் கணினியும் மட்டும் இருக்கிற அறையில் ஒரு இளைஞனைத் தனியாக விட்டால் அவன் கவிஞனாகிவிடுவான். நானும் ஆனேன். 'நெருப்புத் தூறல்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். அதில் நெருப்பும் இல்லை, தூறலும் இல்லை.

வாசகர்கள் மொத்தம் நான்கு பேர். ஒன்று நான். இரண்டாவது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நெட் சென்டர் வைத்திருந்த என் நண்பன் பிரபு. மூன்றாவது, எதை எழுதினாலும் 'அருமை' என்று மட்டும் போடுகிற ஒரு கனடாக்காரர். நான்காவது, என் நைனா. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குக் கணினியைத் தொடத் தெரியாது. நான் அச்செடுத்துக் கொடுப்பதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மளிகைக் கடைச் சீட்டைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாகப் படிப்பார்.

நைனா பதினோரு வருஷம் குவைத்தில் லாரி ஓட்டியவர். அவர் அங்கே இருந்த காலத்தை நினைத்து நான் எட்டு வரி எழுதியிருந்தேன். வெட்கத்தை விட்டு அதில் ஐந்து வரியை இங்கே தருகிறேன்.

நைனா,
நீ கழற்றிவிட்டுப் போன செருப்பு
வாசலைப் பார்த்தபடியே கிடக்கிறது.
உன் சட்டை தொங்கிய ஆணியில்
இப்போது காற்று தொங்குகிறது.

(காற்று எப்படித் தொங்கும் என்று கேட்காதீர்கள். வயது இருபத்து நான்கு என்று முன்பே சொல்லிவிட்டேன்.)

இதைப் படித்து முடித்ததும் நைனா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாள் அந்தத் தாளை லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து பால்காரர், கண்டக்டர், முடிவெட்டுகிறவர் என்று ஒருத்தர் பாக்கியில்லை, எல்லாருக்கும் காட்டினார். பதினோரு வருஷம் பாலைவனத்தில் வண்டி ஓட்டியதற்கு யாரும் அவருக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. இதைத்தான் அவர் சான்றிதழாக வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் என்னை முதல்முறையாகத் திருடினார்கள். மாங்காய் சீசனைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை எவனோ ஒருவன் கமா, முற்றுப்புள்ளி உட்பட எடுத்துத் தன் தளத்தில் தன் பெயரில் போட்டிருந்தான். உண்மையைச் சொல்கிறேன், திருடியதுகூட எனக்கு வலிக்கவில்லை. என் பக்கத்தில் ஒரே ஒரு 'அருமை' விழுந்த கட்டுரைக்கு அவன் பக்கத்தில் முப்பது நாற்பது பேர் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று அந்தக் கனடாக்காரருடையது. அங்கே அவர் 'மிக அருமை' என்று போட்டிருந்தார்.

நான் கொதித்துப்போனேன். அந்தத் தளத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. என் பக்கத்தின் மேலே 'சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்' என்று சிவப்பில் எழுதினேன். என்ன சட்டம், யார் நடவடிக்கை எடுப்பது என்று எனக்கே தெரியாது. கடைசியில் பிரபுதான் ஒரு வித்தை சொன்னான். ஏதோ நாலு வரி நிரல் இருக்கிறதாம். அதைச் சேர்த்துவிட்டால், யார் என் பதிவை நகலெடுத்து எங்கே ஒட்டினாலும், நான் சொல்கிற ஒரு வாக்கியம் கடைசியில் தானாகவே சேர்ந்து ஒட்டிக்கொள்ளுமாம்.

"உன் வலைப்பூ அட்ரஸைப் போடுடா, அதான் எல்லாரும் போடறது" என்றான் பிரபு.

"அட்ரஸைப் போட்டா இன்னா ஆவும்? அழிச்சிட்டுப் போயிக்கினே இருப்பான். திருடறவனுக்கு அடி வயிறு கலங்கணும்."

அரை மணி நேரம் யோசித்து நான் கொடுத்த வாக்கியம் இது: 'இதைத் திருடியவன் குடும்பம் விளங்காது.'

பிரபு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நல்லா கீதா?" என்று கேட்டேன். "பயமா கீது" என்றான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் ஓடின. ஒரு நாள் நைனா கண்ணாடி மாற்றுவதற்காகச் சென்னைக்குக் கிளம்பினார். திருப்பதி போய் அங்கிருந்து நாகலாபுரம் வழியாகப் போகிற பஸ். நான் ஆலையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்ததும் நைனா கத்தினார்.

"டேய்! என் கவிதையில வேற எவனோ ஒருத்தன் செத்துக்கினு கீறான்டா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூச்சு வாங்க அவர் சொன்னது இதுதான். நாகலாபுரத்துக்கு முன்னால் ஒரு கூட்டு ரோட்டில் பஸ் நின்றிருக்கிறது. அங்கே ஒரு பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர். முறுக்கு மீசை வைத்த ஒருவரின் படம். அதன் கீழே, நைனா என்று தொடங்கி, செருப்பு, வாசல், ஆணி எல்லாம் அப்படியே இருந்திருக்கிறது.

"கண்ணு சரியா தெரிலயே நைனா உனக்கு. நல்லா பாத்தியா?"

"கண்ணு தெரிலன்னா இன்னாடா? உங்கம்மா பேரு மறந்தாலும் எனக்கு அந்த ரெண்டு வரி மறக்காது. எனக்குன்னு எழுதுனது! நான் ஒருத்தன் உயிரோட கீறப்பவே எடுத்து இன்னொருத்தனுக்குப் போடுவாங்களா?"

நைனா பஸ்ஸை விட்டே இறங்கிவிட்டார். பேனரின் அடியில் தெலுங்கில் இருந்த ஃப்ளெக்ஸ் கடையின் பெயரைக் கண்டக்டரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, எதிர் பஸ் பிடித்துத் திரும்பினார். "கண்ணாடி அடுத்த வாரம் போட்டுக்கலாம். இத விடக் கூடாது" என்றார். எனக்கு அவர் கோபம் ஒரு காதிலும், என் புகழ் பேனர் வரைக்கும் போய்விட்டதே என்ற பெருமை இன்னொரு காதிலும் கேட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு நைனாவுடன் திருப்பதிக்குப் போனேன். இன்டர்வியூவுக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டை. கையில் ஒரு ஃபைல். அதில் என் பதிவின் அச்சுப் பிரதி, நான் வெளியிட்ட தேதிக்கு ஆதாரம், காப்புரிமை பற்றி எங்கிருந்தோ எடுத்த ஆறு பக்கம். (அந்த ஆறு பக்கத்தையும் ஒரு தளத்திலிருந்து கேட்காமல்தான் எடுத்தேன். அது அப்போது உறைக்கவில்லை.) பஸ்ஸில் தெலுங்கில் ஒரு சொற்பொழிவு தயாரித்துக்கொண்டே போனேன்.

கடைக்காரர் பெயர் முனிரத்தினம். ஐம்பது வயது இருக்கும். அப்போதுதான் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"ரா பாபு, ஏ சைஜு?" என்று கேட்டார்.

நான் சைஸ் சொல்லவில்லை. சொற்பொழிவைத் தொடங்கினேன். படைப்பாளியின் வியர்வை, உழைப்பு, சட்டம், நீதிமன்றம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பேசினேன். நைனா நடுநடுவே லேமினேஷனை எடுத்து நீட்டினார். முனிரத்தினம் ஊதுபத்தியை அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு எங்கள் வழிக்கு வந்து தமிழில் பேசினார்.

"பாபு, நான் தமிழ் பேசுவேன், சதவடம் ராது. படிக்கத் தெரியாது. உங்க எழுத்து எனக்குக் கோலம் மாதிரி. பார்ட்டி பொண்ணு அனுப்பிச்சுது. மேல இருந்து கீழ வரைக்கும் அப்படியே எடுத்துப் போட்டேன். ஒரு புள்ளி விடல, பாத்துக்கோ."

புள்ளி விடவில்லை என்பதில் அவருக்கு உண்மையிலேயே பெருமை. கணினியைப் போட்டு அந்தப் பேனரைத் திறந்து காட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். செருப்பு இருந்தது. ஆணி இருந்தது. தொங்குகிற காற்றும் இருந்தது. எட்டு வரியும் முடிந்தது. ஆனால் பேனர் முடியவில்லை. எட்டாவது வரிக்குக் கீழே, 'கண்ணீருடன் மனைவி, மகள், உற்றார் உறவினர்' என்பதற்கு மேலே, ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது.

இதைத் திருடியவன் குடும்பம் விளங்காது.

மற்ற வரியெல்லாம் கறுப்பு. இது மட்டும் சிவப்பு. அளவிலும் பெரியது.

"கடைசி லைன்தான முக்கியமா இருக்கும்? அதான் ரெட்ல, கொஞ்சம் பெருசா போட்டேன்" என்றார் முனிரத்தினம், என் முகத்தைப் பார்த்து நான் ரசிக்கிறேன் என்று நினைத்து.

"இன்னாடா அது கடைசில செவப்பா? நேத்து ஆணி வரைக்கும்தான் படிச்சேன். நம்ம கவிதையில அது இல்லியே" என்று நைனா திரைக்கு மூக்கை முட்டிக்கொண்டு பார்த்தார். நான் மெதுவாகப் படித்துச் சொன்னேன். அது எப்படி அங்கே வந்தது என்பதையும் சொன்னேன். அதுவரை கடைக்காரரை முறைத்துக்கொண்டிருந்த நைனா அப்படியே திரும்பி என்னை முறைத்தார். முனிரத்தினம் அர்த்தம் கேட்டார். தெலுங்கில் சொன்னேன். "அய்யோ தேவுடா!" என்று நெஞ்சில் கை வைத்தவர், அடுத்து சொன்னதுதான் என் அடி வயிற்றைக் கலக்கியது.

"இன்னிக்கி கருமாதி பாபு. பதினாறாம் நாளு."

பேனர் கட்டி மூன்று நாள் ஆகிறதாம். அந்த ஊரில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் படித்தது தெலுங்குப் பள்ளியில். அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இன்று மதியம் திருவள்ளூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இறந்தவரின் மகள் தமிழிலேயே போடச் சொன்னாளாம். இரண்டு பேனர். ஒன்று கூட்டு ரோட்டில், இன்னொன்று வீட்டு வாசலில்.

புருஷனைப் பறிகொடுத்துப் பதினாறு நாள் ஆன ஒரு வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் சிவப்பில் 'குடும்பம் விளங்காது' என்று படிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் அதற்குப் பிறகு எந்தச் சொந்தத்தில் தலை நிமிர முடியும்? ஃபைலை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"அழறதுக்கு நேரமில்ல. அந்த லைன் மேல ஒட்டறதுக்கு நீளமா ஒரு ஸ்டிக்கர் அடிச்சித் தரேன். மேட்டர் சொல்லு" என்றார் முனிரத்தினம்.

மேட்டர்! நான் கவிஞன் ஆயிற்றே. பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். 'காலமெல்லாம் கண்ணீர்க் கடலில்' என்று எழுதி அடித்தேன். 'விண்ணுலகம் சென்ற விடிவெள்ளியே' என்று எழுதி அதையும் அடித்தேன். இருபது நிமிஷம் போனது. ஒரே ஒரு வரி, அதுவும் முதல்முறையாகத் தேவைப்படுகிற ஒரு வரி, வரமாட்டேன் என்கிறது. முனிரத்தினம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுதுடா" என்றார் நைனா. "துன்னியான்னு கேக்க இனிமே யாரு கீறாங்க. அவ்ளோதான்."

குவைத்திலிருந்து அவர் போன் பண்ணினால் முதல் கேள்வி அதுதான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டார். "துன்னியா?" என்பார், சாப்பிட்டாயா என்று அர்த்தம். காசு கரைகிற போனில் அதைக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் நான் அப்போது நெருப்புத் தூறல் ஆசிரியர் அல்லவா? "நைனா, 'துன்னியா' எல்லாம் எழுத்துத் தமிழ் இல்ல. பேனர்ல போட்டா சிரிப்பாங்க" என்றேன்.

"குடும்பம் விளங்காதுன்றது மட்டும் நல்ல எழுத்துத் தமிழா?"

மற்ற சொற்களை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, "'துன்னியா?' என்று கேட்க இனி யார் இருக்கிறார்?" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஸ்டிக்கர் ஆனது. அதைச் சுருட்டிக்கொண்டு ஓடிப் பஸ் பிடித்தோம்.

கூட்டு ரோட்டு வேலை எளிதாக முடிந்தது. டீக்கடை ஸ்டூலில் ஏறி ஒட்டினேன். என்ன என்று கேட்ட டீக்கடைக்காரரிடம் நைனா, "எழுத்துப் பிழை" என்றார். அது என் வாழ்க்கைக்கே பொருந்துகிற பதில்.

வீட்டு வாசலில்தான் விதி காத்திருந்தது. ஆண்கள் காரியத்துக்காக ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். பின்பக்கம் பந்தலில் சமையல் நடந்துகொண்டிருந்தது. வாசலில் யாரும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறி ஸ்டிக்கரை ஒட்டினேன். பேனருக்குப் போட்டிருந்த மாலையிலிருந்து தண்ணீர் சொட்டி அந்த இடம் ஈரமாக இருந்தது. இடது பக்கம் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் மட்டும் மெதுவாகச் சுருண்டு கீழே வந்தது. உள்ளேயிருந்து 'விளங்காது' எட்டிப் பார்த்தது. அழுத்தினேன், ஒட்டியது. கையை எடுத்தேன், எட்டிப் பார்த்தது.

"நீ போய் டேப் வாங்கிக்கினு வா. நான் புடிச்சிக்கறேன்" என்று நைனா அந்த மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். நான் இறங்கி ஓடினேன். எதிரில் வேன் வந்துகொண்டிருந்தது.

பெட்டிக்கடையில் டேப் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வாசலில் இருபது பேர் நின்றிருந்தார்கள். முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. வகுப்பில் படிப்பது போலக் கணீரென்று, ஒவ்வொரு வரியாக எல்லாருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் நைனா, பேனரில் கை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டு, ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார்.

"'உன் சட்டை தொங்கிய ஆணியில் இப்போது காற்று தொங்குகிறது.' காத்து எப்படிப்பா தொங்கும்?" என்று வாத்தியார் பொதுவாகக் கேட்டார். எனக்கு ஒரு நல்ல பதில் தெரியும், ஆனால் நான் டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தேன்.

எட்டு வரியும் முடிந்தது. ஒன்பதாவதுக்கு வந்தார். "'துன்னியா?' என்று கேட்க..." என்றதும் குரல் உடைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். "ஏழுமல அப்படியேதான கேப்பான்" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். வேனில் வந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் அழத் தொடங்கினார்கள்.

வாத்தியார் என் நைனாவின் தோளில் கை போட்டார். "நீங்க இவ்ளோ நேரமா படத்துல கைய வெச்சிக்கினு நிக்கிறீங்க. ரொம்ப வேண்டியவரோ?"

நைனா தலையை ஆட்டினார். கையை எடுக்கவில்லை.

"எப்படிப் பழக்கம்?"

"குவைத்துல..." என்றார் நைனா. அவருக்குச் சட்டென்று வாயில் வருகிற ஒரே ஊர் அதுதான்.

"ஏழுமல நாகலாபுரம் தாண்டி வேலைக்குப் போனதே இல்லியே!"

"அதான்... அவரு வர்ல. நான் மட்டும் இருந்தேன்."

துக்கத்தில் மனிதன் ஏதேதோ பேசுவான் என்று வாத்தியார் எடுத்துக்கொண்டார் போல. முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் பாய்ந்து போய் டேப்பைக் கடித்துக் கிழித்தேன். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாருண்ணா நீங்க? ஃப்ளெக்ஸ் கடையா?"

இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பெண். கையில் தண்ணீர்ச் சொம்பு. இறந்துபோன ஏழுமலையின் மகள் பவானி, ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அழுத கண்ணைப் பார்த்துப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கவிதை என்னுடையது என்பதை, திருட்டு என்று சண்டை போடக் கிளம்பியதை, சிவப்பு வரியை, எல்லாவற்றையும்.

அவள் நைனாவின் கையை மெதுவாக விலக்கி, சுருண்ட மூலையைத் தூக்கிப் பார்த்தாள். எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். "வி... ள... ங்... கா..." அதற்குள் நான் மண்ணைப் பார்த்துக்கொண்டேன்.

"எங்கம்மா மூணு நாளா இதத்தான் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு கீது" என்றாள். "செவப்புல கீதே, ஏதோ நல்ல வார்த்தைன்னு."

"தப்பு என்னுதும்மா. இப்பவே கழட்டிடறேன்" என்றேன்.

"நான் தெலுங்கு மீடியம்ணா. எட்டு வரிய ஒரு நாள் முழுக்கக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். அழுகை வந்துடுச்சி. அதுக்கு மேல படிக்கல. அப்படியே கடைக்கு அனுப்பிட்டேன்."

"வேற எவ்ளோ கவிதை கீது. இத ஏன் எடுத்தே?" என்று கேட்டேன். கோபத்தில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள.

"நாலு நாளு தேடுனேன். எல்லாத்துலயும் அப்பா, தந்தையே, தெய்வமேன்னுதான் கீது. நாங்க அப்படிக் கூப்ட்டதே இல்ல. இது ஒண்ணுலதான் நைனான்னு இருந்துச்சி. யாரோ நம்மள மாதிரி வீடுன்னு நெனச்சேன்."

கனடாக்காரரின் அத்தனை 'அருமை'களையும் எடுத்துக்கொண்டு இந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. ஆறு மாதமாக ஒரு வாசகர் வேண்டும் என்று தவம் கிடந்து, கிடைத்த முதல் வாசகிக்கு நான் கொடுத்த வரவேற்பு குடும்பம் விளங்காது என்பது. எனக்கு என்னையே ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது.

பவானி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "உங்க நைனா எப்பண்ணா தவறினாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் கனைப்புச் சத்தம் கேட்டது.

"நான்தாம்மா அது" என்றார் நைனா.

பவானி அவரைப் பார்த்தாள். பேனரைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். நைனா நிரூபிப்பதற்காகச் சட்டைப் பையிலிருந்து லேமினேஷனை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பதினாறு நாளாக அடைத்திருந்தது எதுவோ உடைத்துக்கொண்டது போல, அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நைனா அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். இந்த முறை எதையும் மறைப்பதற்காக அல்ல.

அழுது முடித்ததும் அவள் டேப்பை வாங்கித் தானே அந்த மூலையை அழுத்தி ஒட்டினாள். "அம்மாவுக்குத் தெரிய வேணாம். பேனரு அப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு, "அந்தக் கடைசி வரி நான் அனுப்பவே இல்லியே. அத யாரு எழுதுனது? கம்பெனி பஸ்ஸு விட்டு எறங்கி வீட்டுக்குள்ள கால் வெச்சா எங்க நைனா கேக்கறது அதுதான்" என்றாள்.

நைனா மறுபடி கனைத்தார். (காப்புரிமை கேட்டு வந்தவன் நான். பெயர் வாங்கியவர் அவர்.)

"சரி, நீங்க ரெண்டு பேரும் துன்னீங்களா?" என்று கேட்டாள் பவானி. அதைச் சொன்ன பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது போல. ஒரு கணம் நின்றாள். "வாங்க, துன்னுட்டுதான் போவணும்" என்று எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே சித்தூர் திரும்பி, பிரபுவின் நெட் சென்டரில் உட்கார்ந்து அந்த நிரலைப் பிடுங்கி எறிந்தேன். வேறு வரி போட வேண்டுமா என்று பிரபு கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். என் எட்டு வரி அந்தப் பேனரோடு போய்விட்டது, அதற்குப் பிறகு யாரும் அதைத் திருடக்கூட இல்லை. ஆனால் நைனாவின் ஒரு வரி இருக்கிறதே, புத்தூர், நாராயணவனம், நாகலாபுரம், நகரி என்று அந்தப் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலிகளில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். யாரும் அவரைக் கேட்டுப் போட்டதில்லை. "போட்டுக்கட்டும். பாவம், ஆளு போன வீடு" என்பார் நைனா.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் நான் சொல்வதில்லை, அம்மாதான் சொல்வாள். புது மருமகள் வந்தாலும் சரி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வந்தாலும் சரி. நைனாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"அவருக்கு இன்னா? பேனர் கட்டியாச்சு, ஊரே சேந்து அழுதாச்சு, பதினாறாம் நாள் சாப்பாட்டையும் எல போட்டு ஒக்காந்து அவரே துன்னுட்டு வந்தாச்சு. ஆளு மட்டும் இன்னும் கெளம்பல."

எழுபத்து மூன்று வயது நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"பாயாசத்துல சக்கரை கொஞ்சம் கம்மி."